மழை பெய்கிறது, அவ்வளவுதான்: ஜப்பானிய அடிக்குரல் பாட்டுகளைக் கேட்கவும் பாடவும் ஒரு வழிகாட்டி

பள்ளியில் கூட்டுப்பாடல் குழுவில் என்னை இரண்டே நாள்தான் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் பாட்டு டீச்சர் பக்கத்தில் வந்து, "நீ வாயை மட்டும் அசைப்பா, சத்தம் வேண்டாம்" என்றார். குரல் உடைகிற வயது. மற்ற பையன்களுக்கு உடைந்தது. எனக்குக் கிணற்றில் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் பாட்டு எனக்குக் கேட்கிற சமாச்சாரம் மட்டும்தான்.

பத்தொன்பது வருடம் கழித்து, ஜப்பானின் கவாசாகி நகரில் மிஸோனோகுச்சி ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஒரு சந்து. எங்கள் பிரிவுத் தலைவர் என்னை ஒரு 'ஸுனாக்கு'க்குக் கூட்டிப்போனார். பெயரைக் கேட்டு நொறுக்குத்தீனிக் கடை என்று நினைத்தேன். பத்து முக்காலி, ஒரு நீளமான பலகை, பலகைக்கு அந்தப்பக்கம் வாடிக்கையாளர் பெயர் எழுதித் தொங்கவிட்ட விஸ்கி பாட்டில்கள், மூலையில் ஒரு கரோக்கே பெட்டி. கடையை நடத்தும் எழுபது வயதுப் பெண்மணியை எல்லோரும் 'மாமா' என்று கூப்பிட்டார்கள்; அங்கே அதற்கு அம்மா என்று பொருள். எனக்கு அது வாயில் வர ஒரு வருடம் ஆனது.

அன்று நான் கேட்டது ஒரு டம்ளர் தண்ணீர். மாமா துடைத்துக்கொண்டிருந்த கிளாஸை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, "தெயோன்!" என்றார். தெயோன் என்றால் தாழ்ந்த ஒலி, அடிக்குரல். பிறகு பெட்டியில் ஒரு பாட்டைப் போட்டு, "முதலில் கேள், அடுத்த வாரம் பாடு" என்றார். அந்த 'அடுத்த வாரம்' வர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்திலும் அதற்குப் பின்பும் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னைப் போலக் கட்டைக் குரல் என்று ஓரங்கட்டப்பட்டவர்களுக்கும் உதவும். பாடுகிற உத்தேசமே இல்லாமல் கேட்க மட்டும் விரும்புகிறவர்களுக்கும் உதவும்.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள்

இதுதான் முதல் விதி, இதை மீறினால் மற்றது எதுவும் பயனில்லை. ஓர் ஆணின் சாதாரணப் பேச்சு ஏறக்குறைய 100 முதல் 150 ஹெர்ட்ஸில் இருக்கும். கைபேசியின் குட்டி ஸ்பீக்கர் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைச் சரியாகத் தராது. மேலே இருக்கும் கிளை ஒலிகளை வைத்து நம் மூளை சுருதியை ஊகித்துவிடும் என்பதால் பாட்டு கேட்ட மாதிரிதான் இருக்கும். ஆனால் எடை போய்விடும். குரலின் தோல் மட்டும் கிடைக்கும், சதை கிடைக்காது. சாதாரண ஹெட்போன் போதும். இரவாக இருந்தால் நல்லது; இந்தப் பாட்டுகளில் பாதிக்கு மேல் இரவில் நடக்கிறவை.

கேட்க வேண்டிய முதல் பாட்டு 'யூராகுச்சோ தே ஐமாஷோ'. 'யூராகுச்சோவில் சந்திப்போம்' என்று பொருள். பாடியவர் ஃபிராங்க் நாகாய், வருடம் 1957. மாமா அன்று போட்டது இதைத்தான்.

இந்தப் பாட்டின் பூர்வீகம் ஒரு விளம்பரம். ஒசாகாவிலிருந்து வந்த சோகோ என்ற பெரிய கடை, டோக்கியோவின் யூராகுச்சோ ரயில் நிலையத்துக்கு எதிரே 1957 மே மாதம் கிளை திறந்தது. அதற்கு வைத்த விளம்பர வாசகம்தான் 'யூராகுச்சோவில் சந்திப்போம்'. வாசகம் தொலைக்காட்சி நிகழ்ச்சியானது, பாட்டானது, பத்திரிகைத் தொடர்கதையானது, அடுத்த வருடம் சினிமாவும் ஆனது. கடை 2000-இல் மூடப்பட்டுவிட்டது. இன்று அதே கட்டடத்தில் பிக் கேமரா என்ற மின்னணுக் கடை இருக்கிறது. நான் அங்கே போய் ஹெட்போன் வாங்கி, வாசலில் நின்று அதே பாட்டைக் கேட்டேன். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் நீங்களும் செய்து பாருங்கள்.

ஒரு கடை விளம்பரம் எப்படி அறுபது வருடத்துக்கு மேலாக நிற்கும்? இசையமைத்த யோஷிதா தாதாஷி ஒரு காரணம். போர் முடிந்து சைபீரியாவில் கைதியாக இருந்து திரும்பியவர். நகரத்து இரவு, காபிக் கடை, மங்கலான விளக்கு என்று அதுவரை ஜப்பானியப் பாட்டில் அதிகம் இல்லாத ஒரு மனநிலைக்கு இசை கொடுத்தார். ஊரை விட்டு வந்தவன் ஊரை நினைத்து அழுவது அப்போது பாட்டின் வழக்கமான வேலை. இவர் பாட்டுகளில் ஆள் ஊரை நினைப்பதில்லை, எதிரே உட்காரப்போகும் பெண்ணை நினைக்கிறான்.

இன்னொரு காரணம் குரல். நாகாய் மியாகி மாகாணத்துக்காரர். அமெரிக்க ராணுவ முகாமில் வண்டி ஓட்டும் வேலை பார்த்து, அங்கேயே ஜாஸ் பாடக் கற்றவர். ஜாஸ் பாடகராக வந்தபோது பெரிதாக எடுபடவில்லை. யோஷிதாவின் மெட்டுகளுக்கு வந்து குரலை இறக்கிப் பாடியபோது நாடு திரும்பிப் பார்த்தது. 'மிவாகு நோ தெயோன்', அதாவது மயக்கும் அடிக்குரல் என்பது அவருக்கு ஒட்டிக்கொண்ட பட்டமாகவே ஆகிவிட்டது. புத்தாண்டுக்கு முந்தின இரவு ஒளிபரப்பாகும் 'சிவப்பு வெள்ளைப் பாட்டுப் போட்டி'யில் 26 வருடம் விடாமல் பாடியிருக்கிறார்.

மூன்று தடவை கேளுங்கள்

முதல் தடவை சும்மா. அர்த்தம் தேடாதீர்கள்.

இரண்டாம் தடவை வரி முடிவுகளை மட்டும் கவனியுங்கள். தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு: ஜப்பானிய வாக்கியத்திலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். 'நான் உன்னை' என்று ஆரம்பித்தால் நேசிக்கிறேனா மறந்துவிட்டேனா என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். 'மறக்க' வரைக்கும் வந்து 'மாட்டேன்' என்று முடிப்பதுபோல, இல்லை என்பதும் அங்கே வால்பகுதியில்தான் ஒட்டும். ஆகவே பாட்டின் பாரம் முழுக்க வரியின் கடைசியில் போய் விழுகிறது. ஒரு சாதாரணப் பாடகன் அந்த இடத்தில் குரலை ஓங்குவான். அடிக்குரல்காரர்கள் அந்த இடத்தில் இறக்குவார்கள். சொல்ல வேண்டியதை ஏறக்குறைய தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல முடித்துவிடுவார்கள்.

இந்தப் பாட்டின் ஆரம்பத்தில் ஒருவன் காத்திருக்கிறான், மழை வருகிறது, அவள் நனைந்துகொண்டு வருவாளோ என்று கவலைப்படுகிறான். மழை பெய்கிறது என்பதை 'அமெ கா ஃபுரு' என்பார்கள். அந்த 'ஃபுரு'வில் நாகாய் எந்த நாடகமும் செய்வதில்லை. மழை பெய்கிறது, அவ்வளவுதான். எனக்கு முதுகெலும்பு சில்லிட்டது அங்கேதான். முப்பதாவது தடவை கேட்கும்போது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் தடவை அந்த 'கா'வைக் கவனியுங்கள். பழைய தலைமுறைப் பாடகர்களும் வானொலி அறிவிப்பாளர்களும் சொல்லின் நடுவிலும் வேற்றுமை உருபாகவும் வரும் 'க' ஒலியை மூக்கால் சொல்வார்கள். அது வேறொன்றும் இல்லை, நம் 'ங'. அரிச்சுவடியில் பெயருக்கு உட்கார்ந்துகொண்டு, 'க'வின் துணை இல்லாமல் வெளியே தலைகாட்டாத அந்த எழுத்துக்கு அங்கே முழுநேர வேலை. 'அமெ ங ஃபுரு' என்று கேட்கும். இதற்கு 'பிதாகுவோன்' என்று பெயர். கரடுமுரடான ஒரு மெய்யொலி, மூக்கு வழியாகப் போவதால் பஞ்சாகிவிடுகிறது. அடிக்குரலில் அந்தப் பஞ்சு இன்னும் கனமாக, ஈரப்பஞ்சு மாதிரி ஆகிறது. இந்தக் காலத்து இளம் பாடகர்கள் பலர் இதை விட்டுவிட்டார்கள். எனக்கு வருத்தம்தான்.

துவர்ப்பு என்ற சொல்

மாமாவிடம் நான் கற்ற சொற்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று 'ஷிபிரெரு'. அடிக்குரலில் சொக்கிப்போவதை இப்படிச் சொல்வார்கள். சம்மணம் போட்டு வெகுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அதற்கும் இதே சொல்தான்.

இரண்டாவது 'ஷிபுயி'. அகராதியைப் பார்த்தால் முதல் பொருள் துவர்ப்பு. பழுக்காத காக்கி (பெர்சிமன்) பழத்தைக் கடித்தால் நாக்கு சுருங்கும் அந்தச் சுவை. கொட்டைப் பாக்கு, வாழைப்பூ என்று நமக்கும் தெரிந்ததுதான். அதையே அலட்டல் இல்லாத, வயதான, நிதானமான அழகுக்கும் சொல்வார்கள். 'ஷிபுயி கோயெ' என்றால் துவர்ப்புக் குரல், அது பாராட்டு. நம்மிடம் இனிய குரல் உண்டு, தேன் குரல் உண்டு. துவர்ப்பான குரல் என்று யாரையாவது புகழ்ந்தால் சண்டைக்கு வருவார்கள். ஆறு சுவையில் துவர்ப்பைச் சேர்த்து வைத்தவர்கள் குரலுக்கு மட்டும் ஏன் இனிப்பையே பிடித்துக்கொண்டோம் என்று யோசித்திருக்கிறேன். சரி, பி.பி. ஸ்ரீநிவாஸ் இருந்தார். மைக்குக்குப் பக்கத்தில் வந்து மெல்லச் சொல்லிப்போகும் அந்த வகையில் அவர்தான் எனக்கு ஜப்பானியருக்கு மிக அருகில் தெரிகிறவர்.

இந்தச் சொல் புரிந்தால் வழிகாட்டியில் பாதி முடிந்தது. ஏனென்றால் தேட வேண்டியது ஆழம் அல்ல. சுருதி அளவியை வைத்துப் பார்த்தால் இவர்களில் பலர் அப்படியொன்றும் பாதாளத்துக்குப் போவதில்லை. மிக ஆழமான குரலில் பாடும் ரஷ்யர்கள் இவர்களை இடுப்பளவு தண்ணீரில் நிற்பவர்கள் என்பார்கள். குரலின் நிறமும் அதை அடக்கி வைத்திருக்கும் விதமும்தான் விஷயம். முழுச் சத்தமும் கையில் இருந்தும் கொடுக்காமல் வைத்திருக்கிறான் என்று கேட்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

யாரையெல்லாம் கேட்பது

வரிசைக் கிரமமாகக் கேட்க வேண்டியதில்லை. நான் கேட்ட வரிசையே தாறுமாறானது.

இஷிஹாரா யூஜிரோவை நாகாய்க்கு அடுத்து கேளுங்கள். 1950-களின் பிற்பாதியில் நிக்காட்சு என்ற சினிமா நிறுவனத்தின் பெரிய நட்சத்திரம், முதலில் நடிகர். 1957 கடைசியில் வந்த ஒரு படத்தில் டிரம் வாசிப்பவராக வருவார். போட்டியின் நடுவே அடிபட்ட கை ஒத்துழைக்காமல் போக, மைக்கைப் பிடித்துப் பாட ஆரம்பித்துவிடுவார். அந்தக் காட்சியில் அவர் முறைப்படி பாடத் தெரிந்தவர் அல்ல என்பது தெரியும், அது ஒரு குறையாகத் தெரியாது. பேசுகிற குரலிலேயே பாட்டுக்குள் நுழைந்துவிடுவார். அதே நிறுவனத்தில் கோபயாஷி அகிரா என்ற இன்னொரு நட்சத்திரம், உச்சக் குரல்காரர். இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே தெருவின் இரண்டு மாடிகள் மாதிரி இருக்கும். யூஜிரோவின் 1967 பாட்டு 'யோகிரி யோ கொன்யா மோ அரிகாதோ' இரவு மூடுபனிக்கு நன்றி சொல்கிறது. மூடுபனிக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் இந்தக் குரலில்தான் சொல்ல முடியும். உச்சக் குரலில் சொன்னால் கேலியாகிவிடும்.

மிஸுஹாரா ஹிரோஷியின் 'குரோயி ஹனாபிரா', கருப்பு இதழ். 1959-இல் ஜப்பான் ரெக்கார்ட் விருது தொடங்கியபோது முதல் விருதை வாங்கிய பாட்டு. இதில் துவர்ப்போடு கரகரப்பும் உண்டு. எழுதியவர் ஏய் ரொகுசுகே, இசை நாகாமுரா ஹாச்சிதாய். இதே இருவர்தான் இரண்டு வருடம் கழித்து சாகாமோட்டோ கியூவின் காற்றுப்போன்ற இளங்குரலுக்கு ஒரு பாட்டைக் கொடுத்து, அது 'சுகியாகி' என்ற பெயரில் உலகம் சுற்றியது. இரண்டிலும் துக்கம் ஒன்றுதான்: ஒருவன் கண்ணீர் சிந்தாமலிருக்க வானத்தைப் பார்க்கிறான், மற்றவன் தரையைப் பார்க்கிறான். நான் தரைக் கட்சி.

கூல் ஃபைவ் குழுவின் மாயெகாவா கியோஷி அசையாமல் நிமிர்ந்து நின்று பாடுவதற்குப் பெயர் போனவர். நாகசாகியில் இன்றும் மழை என்ற 1969 பாட்டு அவர்களை நிலைநாட்டியது. பின்னால் மற்றவர்கள் 'வவவவா' என்று கூடப் பாடுவார்கள். கரோக்கேயில் மைக் பிடிக்கப் பயமாக இருக்கும் நாட்களில் அந்த 'வவவவா'வை நான் எடுத்துக்கொள்வேன். தமிழர்களுக்கு மூச்சுப் பிடிக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை, நாம் கபடி ஆடியவர்கள்.

ஒசாகி கியோஹிகோவைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். 1971-இல் ரெக்கார்ட் விருது வாங்கியவர், பெரிய குரல். எனக்கு அது அரங்கத்துக்கான குரல். முழுசாகக் கொடுத்துவிடுகிறார், துவர்ப்பு இல்லை. உங்களுக்குப் பிடிக்கலாம்.

நான் அதிகம் கேட்பது தெராவோ அகிராவை. 'ருபி நோ யுபிவா', 1981. ரூபி மோதிரம். பிரிந்துபோனவள் கழற்றிய மோதிரம் பற்றிய பாட்டு. 'தி பெஸ்ட் டென்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 12 வாரம் தொடர்ந்து முதலிடம், அந்த வருட ரெக்கார்ட் விருதும் இதற்கே. தெராவோ நடிகர்; அதற்கு முன் 1960-களில் ஒரு குழுவில் பாஸ் கிட்டார் வாசித்தவர். பாட்டு ஓடுகிற வேகம் நகரத்து மெட்ரோ வேகம். அவரோ அந்த ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குள் முணுமுணுக்கிறார். குரலை நடுங்கவைக்கும் வித்தை எதுவும் கிடையாது. வேகமான தாளத்துக்கு நடுவே மெதுவான மனிதன். இதை நூறு பேர் பின்பற்றப் பார்த்தார்கள், பெரும்பாலும் தூங்கிவழிந்தது.

பாஸ் கிட்டார் என்றதும் ஹோசோனோ ஹருஓமி. ஹாப்பி எண்ட் குழுவின் 1971 தொகுப்பில் அவர் பாடிய 'காஸே ஒ அட்சுமெதே', காற்றைச் சேகரித்து என்று பொருள். 'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்' படத்தில் கேட்டிருப்பீர்கள். இதில் இரவும் இல்லை, விஸ்கியும் இல்லை. விடியற்காலையில் நடந்துபோகும் ஒருவனின் தாழ்ந்த குரல். ஜேம்ஸ் டெய்லரைக் கேட்ட பிறகுதான் தன் தாழ்ந்த குரலிலேயே பாடலாம் என்ற தைரியம் வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். மைக் பிடிக்கத் தயங்கும் அடிக்குரல்காரர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

ராக் பக்கம் என்றால் பக்-டிக் குழுவின் சகுராய் அட்சுஷி. குழு தொடங்கியபோது அவர் டிரம் வாசித்தவர், பிறகுதான் முன்னால் வந்தார். இருட்டு, ரத்தச் சிவப்பு, நாடகம் எல்லாம் உண்டு. நான் மேலே சொன்ன அடக்கத்துக்கு நேர் எதிர், ஆனாலும் அந்தக் குரல் பொய் சொல்லாது. 2023 அக்டோபரில் யோகொஹாமாவில் மேடையிலேயே உடல்நிலை மோசமாகி, அன்றிரவே இறந்துபோனார். வயது 57. அந்த வாரம் மாமாவின் கடையில், எப்போதும் பழைய பாட்டே பாடும் ஒரு கணக்காளர் அவருடைய பாட்டைப் போட்டுவிட்டுப் பாடாமல் உட்கார்ந்திருந்தார்.

ஃபுகுயாமா மசாஹருவைச் சொல்லாவிட்டால் என் மனைவி கோபிப்பாள். 2000-இல் வந்த 'சகுராஸாகா' 20 லட்சத்துக்கு மேல் விற்றது. சொல்லிவிட்டேன்.

இனி பாடுவது

இன்றைய ஜப்பானிய வெற்றிப் பாட்டுகளில் ஆண்கள் மிக உயரத்தில் பாடுகிறார்கள். கிங் நூ குழுவின் 'ஹாக்குஜிட்சு' மாதிரி ஒரு பாட்டை என் வயது சகாக்கள் முயல்வதைப் பார்க்கும்போது ஆம்புலன்சுக்குச் சொல்லிவைக்கலாமா என்று தோன்றும். அடிக்குரல்காரர்கள் அங்கே போட்டியிடவே வேண்டாம்.

முதலில் உங்கள் எல்லையைக் கண்டுபிடியுங்கள். கைபேசியில் கிட்டார் சுருதி பார்க்கும் செயலி ஏதாவது ஒன்றைப் போட்டு, 'ஊ' என்று தாராளமாக வருகிற இடத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குங்கள். குரல் பொரியல் சட்டி மாதிரிப் பொரியத் தொடங்கும் இடம் ஒன்று வரும். அதற்கு மூன்று படி மேலே இருப்பதுதான் உங்களுடைய உண்மையான அடி. அதற்குக் கீழே இருப்பதை மறந்துவிடுங்கள், அது தூங்கி எழுந்தவுடன் மட்டும் வரும் குரல்.

ஜப்பானியக் கரோக்கே பிரியர்கள் சுருதிக்கு ஒரு தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: லோ, மிட்1, மிட்2, ஹை. ஒவ்வொன்றும் 'ஏ' சுரத்தில் ஆரம்பிக்கும். மிட்1 ஏ என்பது 110 ஹெர்ட்ஸ், மிட்2 ஏ 220, ஹை ஏ 440. பாட்டின் பெயரோடு 'உச்ச சுரம், அடி சுரம்' என்று தேடினால் இந்தக் கணக்கில் கிடைக்கும். கிட்டாரின் தடித்த தந்தி லோ ஈ, 82 ஹெர்ட்ஸ். என் அடி அதற்கு ஒரு படி மேலே. தேடும்போது பாட்டின் அடி சுரத்தைப் பாருங்கள். உச்ச சுரம் எப்படியும் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும், அடி சுரம்தான் தெரியாமல் கவிழ்க்கும்.

அப்புறம் கீ. பாட்டைத் தேர்ந்தெடுக்கும் கருவியிலோ பெட்டியிலோ கீ பொத்தான் இருக்கும். ஒவ்வொரு அழுத்தலும் அரைச்சுரம். இரண்டு அழுத்தினால் நம் கணக்கில் ஒன்று கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்குப் போனது மாதிரி. பெட்டி ஏற்கெனவே கீயை மாற்றி வைத்திருக்கலாம். 'கென்கியோகு கீ' என்ற பொத்தான் மூலப் பாட்டின் கீக்குக் கொண்டுவந்துவிடும்.

நான் செய்த பெரிய தவறு இங்கேதான். எட்டு மாதம் கழித்து முதல் தடவை யூராகுச்சோவைப் பாடியபோது, குரல் இருக்கிறது என்ற திமிரில் கீயை மூன்று கீழே இறக்கினேன். தாடையை மார்பில் ஒட்டவைத்து, தொண்டையைக் கீழே அமுக்கி, எருமை மாதிரி ஏதோ செய்தேன். கைதட்டினார்கள். ஜப்பானில் எதற்கும் கைதட்டுவார்கள். மாமா மட்டும் தட்டவில்லை. மறுநாள் தொண்டை கட்டி அலுவலகத்தில் சைகையில் பேசினேன். அடுத்த வாரம் போனபோது அவர் எதுவும் சொல்லாமல் கீயை இரண்டு மேலே ஏற்றிவிட்டு மைக்கை நீட்டினார். மூலத்தைவிட இரண்டு அரைச்சுரம் மேலே! பாடினேன். தொண்டை தளர்ந்தது, இறங்க இடம் கிடைத்தது, வரி முடிவுகளில் நிற்க முடிந்தது. ஏற்கெனவே தரையில் படுத்திருப்பவன் எங்கே இறங்குவான்? குரல் தாழ்வாகக் கேட்பதற்குத் தாழ்ந்த கீ தேவையில்லை. தாடையைச் சாதாரணமாகப் பேசும்போது இருக்கும் இடத்தில் வையுங்கள். அமுக்கினால் ஆழம் வருவதில்லை, மூடி போட்ட பானை மாதிரி ஆகும்.

மைக்கை வாயிலிருந்து மூன்று நான்கு விரற்கடை தூரத்தில் பிடியுங்கள். இந்த வகை மைக்குகளில் பக்கத்தில் வரவர அடி ஒலிகள் தானாகவே பெருகும். நாகாய் தலைமுறையின் பாணியே மைக்கின் குழந்தைதான். மைக் இல்லாத காலத்தில் இப்படி அரைக் குரலில் பாடினால் இரண்டாவது வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. வலைத் தலையைக் கையால் மூடாதீர்கள், குரல் சேறாகிவிடும், பெட்டி கீச்சிடவும் செய்யும். எக்கோவைக் குறையுங்கள். குளியலறைப் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, ஆனால் வரி முடிவின் மௌனம்தான் இந்தப் பாட்டின் சொத்து. எக்கோ அதைத் தின்றுவிடும்.

பாடுவதற்கு முன் வரிகளைப் பேசிப் பாருங்கள். திரையில் சீன எழுத்துகளின் தலையில் குட்டியாக ஒலியெழுத்து போட்டிருப்பார்கள். ஹிராகானா, கட்டகானா என்ற அந்த இரண்டு ஒலியெழுத்து வகைகள் தெரிந்தால் போதும். குறில் நெடில் வித்தியாசமும் இரட்டித்து வரும் மெய்யும் ஜப்பானியத்தில் அர்த்தத்தையே மாற்றும். அதில் மேற்கத்தியர்கள் தடுமாறுவார்கள், நாம் பிறந்ததிலிருந்தே பழகியவர்கள். நமக்கு வரும் சிக்கல் வேறு. பேச்சில் 'தெஸ்' என்று விழுங்கப்படும் 'தெஸு' பாட்டில் அந்த 'உ'வுக்கும் ஒரு சுரம் வாங்கிக்கொண்டு நிற்கும். அதை விழுங்கினால் தாளத்தில் ஒரு பல் விழுந்துவிடும்.

பாடும்போது அறைக்குப் பாடாதீர்கள். மாமா எனக்குச் சொன்னது: எதிரே இருக்கிற கிளாஸுக்குப் பாடு. உண்மையிலேயே கிளாஸைப் பார்த்துப் பாடினேன், சத்தம் தானாகப் பாதியாகியது.

ஜோடிப் பாட்டுக்கு ஆள் கிடைத்தால் 'கின்ஸா நோ கொயி நோ மொனொகதாரி'யை எடுங்கள். கின்ஸாவின் காதல் கதை, யூஜிரோவும் மாகிமுரா ஜுன்கோவும் 1961-இல் பாடியது. அலுவலக விருந்துகளில் இதைத் தெரியாத ஐம்பது வயதுக்காரர் கிடையாது. ஆண் பங்கு கீழே சுகமாக இருக்கும், பெண் பங்கு வரும்போது மூச்சு வாங்கிக்கொள்ளலாம். நாகாயும் மட்சுவோ கஸுகோவும் பாடிய 1959 'டோக்கியோ நைட் கிளப்' இன்னொன்று. ஆனால் அது கொஞ்சம் வழிசல், யாரோடு பாடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஒருமுறை அதை எங்கள் மனிதவளத் துறை அதிகாரியோடு பாட நேர்ந்தது. இருவரும் கிளாஸையே பார்த்துக்கொண்டோம்.

கடைசியாக, காசு விஷயம். எங்கள் சந்தில் ஒரு பாட்டுக்கு 200 யென். நாணயமாகக் கொண்டுபோங்கள். ஆயிரம் யென் தாளை நீட்டினால் மாமா சில்லறை இல்லை என்பார், மீதி நான்கு பாட்டையும் பாடித்தான் வெளியே வர முடியும்.